நடுச்சுவருக்கு மேலே

மெத்தைக் கடைக்காரருக்குக் கடைத்தெருவில் வக்கீல் என்று பெயர். கோர்ட்டுப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர், வாய் மட்டும் அப்படி. தன் கடைக்கும் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்துத் தீ விபத்து இன்சூரன்ஸ் போடாதவர் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று கடைக்காரர் சங்கம் தீர்மானம் போட்டதும், மனிதர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பீடி சிகரெட் தொடாதவன், கடைக்குள் தீக்குச்சி கிழிக்காதவன், ஊரான் அலட்சியத்துக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும் என்று கேட்டார். மிரட்டி வாங்க வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பா, வழிப்பறியா என்றும் கேட்டார். சும்மா சொல்லக்கூடாது, கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. பாதித் தெரு அவர் பக்கம் சாய்ந்தது. நெருப்போடு பிழைக்கிறவன் போடட்டும் என்று பக்கத்து வெல்டிங் பட்டறையைக் கைகாட்டினார். பட்டறைக்காரர் அவருடைய தங்கை புருஷன். அவர் மூச்சுக் காட்டாமல் முதல் ஆளாகப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

வக்கீலின் கடை சுத்தத்துக்குப் பேர்போனது. பஞ்சு அடிக்கும்போது பெரிய மின்விசிறியை அண்ணாந்த வாக்கில் திருப்பி வைப்பார். தூசும் தும்பும் பறந்து போய்விடும். எங்கே போகிறது என்று அவர் யோசித்ததே இல்லை. இரண்டு கடைக்கும் ஒரே கூரை, நடுச்சுவர் அதுவரை எட்டாது.

ஒரு மதியம் பட்டறையில் பொறி ஒன்று மேலே தெறித்தது. உத்தரத்தில் படிந்திருந்த பஞ்சு குபீரென்று பற்றிக்கொண்டது. தெருவே தண்ணீரும் மணலுமாக ஓடிவந்து அணைத்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் பட்டறைக் கூரையும் புது மெஷினும் கரிக்கட்டை ஆகிவிட்டன. வக்கீலின் மெத்தைகளில் ஒரு நூல்கூடக் கருகவில்லை.

இன்சூரன்ஸ் அதிகாரி அண்ணாந்து பார்த்து, இரும்புப் பட்டறைக்குள் இவ்வளவு பஞ்சு எப்படி வந்தது என்று கேட்டார். வக்கீலுக்குத் தன் மின்விசிறி ஞாபகம் வந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்கவே கூசியது. தன் கடையையே விற்றாலும் அந்த மெஷினை அவரால் வாங்கிக் கொடுக்க முடியாது.

"பக்கத்துக் கடை மச்சான் ரொம்ப சுத்தக்காரர், சார்," என்றார் பட்டறைக்காரர். அதிகாரியே சிரித்துவிட்டார். இழப்பீடு வந்தது, பட்டறையும் திறந்தது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் வக்கீல் எழுந்ததும், கச்சேரி ஆரம்பம் என்று எல்லோரும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

"கட்டாயப்படுத்துறது தப்புன்னு இப்பவும் சொல்றேன்," என்றார் அவர். "ஆனா என்னை மட்டும் விட்டுடாதீங்க. தானா போடுவேன்னு எனக்கே நம்பிக்கை இல்ல. எரிஞ்சா என் கடையா எரியுது, மாப்ள கடைதானே?"