மூன்றாவது கார்ட்டன்

கொரட்டூர் செலினுக்கு அம்பத்தூர் எஸ்டேட் மருந்துக் கம்பெனியில் இது இருபத்தெட்டாம் வருடம். அவள் சேர்ந்த காலத்தில் பேக்கிங் மேசையைச் சுற்றி ஆறு பெண்கள். மாத்திரைப் பெயர், பேட்ச் நம்பர் எல்லாம் கண்ணால் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். கண் அசந்துவிடக் கூடாதென்று சூப்பர்வைசர் கலியமூர்த்தி தினமும் வேறு மாத்திரையின் கையடக்க அட்டைக் கார்ட்டன் ஒன்றை நைசாக நடுவில் நுழைத்துவிடுவார். பிடித்தவள் வாயைத் திறக்காமல் அதைத் தன் ஸ்டூல் மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்வாள். டீ நேரத்தில் எடுத்துக் காட்டி "நான்தான் புடிச்சேன்" என்றால், அன்றைய மசால்வடை அவளுக்கு. ரேணுகாவும் கன்னியம்மாவும் பங்கு கேட்டுப் பிய்த்தது போக மிஞ்சும் அந்தத் துண்டு வடைக்கு இருந்த ருசி, அப்புறம் எந்த வடைக்கும் இல்லை.

நாலு வருடமாக அந்த வேலையைப் பார்கோடு படிக்கும் கேமரா பார்க்கிறது. தப்பான கார்ட்டன் வந்தால் காற்றை ஊதித் தொட்டியில் தள்ளிவிடும், வடையும் கேட்காது. ஐந்து பேரும் போய்விட, செலின் ஒருத்திதான் மிச்சம். காலையில் மூன்று தப்புக் கார்ட்டன்களை ஓடவிட்டு, கேமரா தள்ளுகிறதா என்று பார்த்து, மூன்றையும் அலமாரியில் பூட்டுவது அவள் வேலை.

போன செவ்வாய் மத்தியானம் அலமாரியைத் திறந்தால் இரண்டுதான் இருந்தன. செலின் அலமாரி முழுக்கத் துழாவினாள். காணாமல் போன அந்தச் சர்க்கரை மாத்திரை கார்ட்டன், பிரஷர் மாத்திரைப் பெட்டிகளோடு லாரிக்குக் காத்திருந்தால்? கேமராவைப் பார்த்துக்கொள்ளும் ரோஹித், மூன்றையும் அது தள்ளியதாகப் பதிவு இருக்கிறதே என்று கம்ப்யூட்டரைக் காட்டினான். அவள் காதில் ஏறவில்லை.

"யாரோ வயசானவங்க வாயில போறது தம்பி. பெட்டியப் பிரி."

முகம் சுண்டினாலும் பிரித்தான். நாற்பது பெட்டி. ஒவ்வொரு கார்ட்டனாக எடுத்துப் பெயரைப் படித்தாள் செலின். பயத்துக்கு நடுவிலும், கண்ணுக்கு மறுபடி வேலை கிடைத்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. எல்லாம் சரியாகவே இருந்தன.

காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள், கால் கடுத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கீழே ஏதோ நொறுங்கியது. மெத்தையைத் தூக்கினால் மூன்றாவது கார்ட்டன். தொட்டியிலிருந்து எடுத்த கை, பழைய ஞாபகத்தில் தானாகச் செருகியிருக்கிறது.

ரோஹித் தலையில் அடித்துக்கொண்டு பெட்டிகளை மறுபடி ஒட்டப் போனான். வெட்கம் பிடுங்கித் தின்றாலும், அவள் கை அந்தக் கார்ட்டனை உயர்த்திப் பிடித்தது.

"நான்தான் புடிச்சேன்," என்றாள் ஆளில்லாத மேசையைப் பார்த்து.

பங்கு கேட்க யாரும் இல்லை.