மல்லிகைக்கு ஒரு முப்பதடி ரோடு

போன ஞாயிற்றுக்கிழமை தலைக்குச் சாயம் பூசலாம் என்று உட்கார்ந்தேன். வழக்கமாக வாங்குவது கடையில் இல்லாததால், கிடைத்த ஏதோ ஒன்றை வாங்கி வந்திருந்தேன். டப்பாவைத் திறந்ததும் குப்பென்று ஒரு நெடி. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். எனக்கோ, சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நெடி இனித்தது. அம்மோனியா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்மேல் வீசிய வாசனை அதுதான்.

அப்போது நான் திண்டுக்கல்லில், மனைப்பிரிவுகளுக்கு அனுமதி கொடுக்கும் திட்டக் குழும அலுவலகத்தில் வரைவாளர். யாராவது ஒரு நிலத்தை பிளாட் போட்டு விற்க வேண்டுமென்றால் அதன் வரைபடம் எங்களிடம் வந்தாக வேண்டும். ரோடு எத்தனை அடி, பூங்காவுக்கு எங்கே இடம், ஓடையை யாராவது விழுங்கியிருக்கிறார்களா என்று பார்த்துக் குழுவின் முன்னால் வைப்போம். வரைபடத்துக்கு நகல் எடுப்பது அம்மோனியா புகையில். சட்டை, சாப்பாட்டுப் பை எல்லாம் அதே நெடி. பெண் பார்க்கப் போன வீட்டில், “மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியிலயா வேலை?” என்று கேட்டார்கள். அந்த இடம் அமையவில்லை.

நெடி என்றதும் இன்னொரு வாசனையும் சேர்ந்தே வருகிறது. பக்கத்துத் தெருவில் ஒரு பிரியாணிக் கடை. மத்தியானம் அங்கே தம் உடைத்தால் எங்கள் கூட்ட அறைக்குள் சீரகச் சம்பா மணக்கும். அதற்குப் பிறகு உறுப்பினர்களின் கேள்விகள் தானாகச் சுருங்கிவிடும். விவரம் தெரிந்தவர்கள் தங்கள் மனு கடைசியில் வரட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள்.

காதர் பாயின் மனு அப்படிக் கடைசியில்தான் வந்தது. தோல் வியாபாரத்திலிருந்து மனை வியாபாரத்துக்கு வந்தவர். வாய் நிறையச் சிரிப்பு. செம்பட்டி ரோட்டோரம் தரிசு நிலம் ஒன்றை வாங்கி பிளாட் போட்டிருந்தார். வரைபடம் குறையில்லாமல் இருந்தது. அதிகாரி கையெழுத்துப் போடப் பேனா மூடியைக் கழற்றும் நேரத்தில் கதவோரமிருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயர் பேச்சியம்மாள். பாய் நிலத்துக்குப் பின்னால் அவளுக்கு மல்லிகைத் தோட்டம். இத்தனை வருஷமும் அந்தத் தரிசின் நடுவே நடந்துதான் பூவை ரோட்டுக்குக் கொண்டுபோய் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போகும் வேனில் ஏற்றியிருக்கிறாள். பிளாட் வந்தால் பாதை போய்விடும். ஓடையைச் சுற்றி வந்தால் வேன் போய்விடும், பூவும் விரிந்துவிடும். விரிந்த பூவை யார் வாங்குவார்கள்?

“வீடு வரட்டும்மா, நான் வேணாங்கல. எங்க பூவு ரோட்டுக்கு வர ஒரு வழி சொல்லுங்க, போதும்” என்றாள்.

பாய் கோபப்படவில்லை. புல வரைபடத்தில் பாதையே கிடையாது, நாலைந்து பேர் என்றைக்காவது நடந்திருக்கலாம், அதற்காக இரண்டு மனையை இழக்க முடியுமா என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் அதிகாரி கண்டிப்பான அம்மாள். பிரியாணி வாசனைக்கு அசையாத ஒரே ஆள். நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று மூடியைத் திரும்பப் போட்டுவிட்டார்.

மறுவாரம் விடிந்தும் விடியாமலும் ஜீப்பில் போனோம். பாய் முன்னாலேயே வந்து நின்றார். தரையைக் காட்டி, “எங்கம்மா இருக்கு பாதை? புல்லுதான் இருக்கு” என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே தோட்டத்துப் பக்கமிருந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். தலையில் ஈரத்துணி சுற்றிய பூ மூட்டைகள். நேராக வந்தவர்கள் பாய்க்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

“செத்த தள்ளி நில்லுங்க பாய், வேன் வந்துரும்” என்றாள் முன்னால் வந்த பேச்சியம்மாள்.

பாய் சட்டென்று விலகினார். விலகிய பிறகுதான் தான் எதிலிருந்து விலகினோம் என்பது அவருக்கு உறைத்தது. எங்கள் கண்டிப்பான அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் பாய்தான். என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி ஜீப் பானெட்டில் விரித்து, “தம்பி, இதுலயே ரோட்டப் போடுங்க. முப்பதடியா போடுங்க, வேன் உள்ளாறயே வந்துட்டுப் போகட்டும்” என்றார்.

போட்டேன். நான் வரைந்த கோடுகளில் கொஞ்சம் கர்வத்தோடு நினைத்துக்கொள்வது அந்த ஒன்றைத்தான். அந்த ரோட்டோர மனைகள்தான் முதலில் விற்றனவாம். சாயந்தரம் அங்கே நின்றால் மல்லிகை மணக்கும் என்று சொல்லியே பாய் விற்றிருக்கிறார். அவரிடமே ஒரு மனையைப் பேச்சியம்மாளும் வாங்கிப்போட்டாள்.

சாயம் காய்வதற்குள் பழைய நினைப்பு வந்து, மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். என் ரோடு இருக்கிறது, தார் போட்டு, விளக்குகளோடு. தோட்டம்தான் இல்லை. கிணறு வற்றியது, பூப்பறிக்க ஆள் கிடைக்கவில்லை, அதுவும் பிளாட்டாகி வீடுகளாகிவிட்டது. தோட்டத்தைப் பிளாட் போட்ட மனு கம்ப்யூட்டரிலேயே போய்க் கம்ப்யூட்டரிலேயே அனுமதியோடு திரும்பியதாம். யாரும் யாரையும் பார்க்கப் போக வேண்டியிருக்கவில்லை. காதர் பாயும் இப்போது இல்லை.

பேச்சியம்மாள் மாடி வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். அடையாளம் கண்டு காபி கொடுத்தாள். தெருவில் பூக்காரர் குரல் கேட்டதும் இறங்கிப்போய் ஒரு முழம் வாங்கி வந்தவள், அதை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

“இதப் போயி வாங்கி வைக்கிறேன் தம்பி. கட்டிருக்கிறதப் பாருங்க, பூவுக்கும் பூவுக்கும் நடுவுல விரலு நொழையுது.”