ருவைஸில் சிவந்த ஓக்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, ஏசி அறையிலிருந்த தொட்டியைத் தூக்கிப் பால்கனியில் வைத்தேன். வெயில் பட்டதும் கத்தியே விட்டேன். இரண்டு நாளாக மங்கிக்கொண்டிருந்த ஓக் கன்றின் உச்சி இலை ரத்தச் சிவப்பாகியிருந்தது! உடனே காயல்பட்டினத்துக்கு போன் போட்டேன். ஜுலைகா டீச்சரின் தங்கை எடுத்தார். "லாத்தா விடியக்காலைல மவுத்தாயிட்டாங்கம்மா" என்று அக்காவின் இறப்பைச் சொன்னார்.

அபுதாபியின் ருவைஸில், எங்கள் பள்ளியில் அவர் உயிரியல் ஆசிரியை, நான் வணிகவியல். அவரை அறிந்தவர்களுக்கு அந்த டப்பா நினைவிருக்கும். தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஓக் கொட்டைகளை ஈரமணலில் புதைத்து, குளிர்காலம் முழுவதும் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். குளிரை அனுபவிக்காமல் அவை முளைக்காதாம். "இதென்ன, புது ஊறுகாயா?" என்று அவருடைய கணவர் கேட்டதற்கு, "அமெரிக்காக்காரங்க தூங்குறாங்க, எழுப்பிராதீங்க" என்றார்.

"இந்த வெயில்ல ஓக்கா? அடுத்து பனிக்கரடியா?" என்று ஆசிரியர் அறையில் கேலி செய்தோம். ஒன்று முளைத்தது. கத்தரியால் வெட்டியதுபோல் ஆழப் பிளந்த இலைகள், ஒவ்வொரு முனையிலும் மெல்லிய முள். மூன்றாம் இலை வருவதற்குள் வேர் தொட்டியின் அடியைத் தொட்டுவிட்டது. "மேல பாத்து ஏமாறாதீங்க டீச்சர், கீழதான் இவரு பெரிய ஆளு" என்று சிரித்தார்.

நோய் முற்றி ஊருக்குப் போனபோது கன்றை என்னிடம் கொடுத்தார். "பகல்ல நல்ல வெயில், ராத்திரி நல்ல குளிர், ரெண்டும் கிடைச்சாத்தான் சிவக்கும். சிவந்தா சொல்லணும், என்ன?"

அன்று போனில் அழுதுகொண்டே, இலை சிவந்ததைச் சொன்னேன். தங்கை சொன்னார், "நேத்துகூட கேட்டாங்கம்மா. இன்னும் அடக்கத்துக்கு எடுக்கல. இருங்க, காதுல சொல்லிட்டு வாறேன்." போனைக் கீழே வைத்துவிட்டு நடந்து போகும் சத்தம் கேட்டது.

இப்போது எல்லா இலைகளும் சிவந்துவிட்டன. உதிரவும் இல்லை, இந்த வகை அவ்வளவு சீக்கிரம் உதிர்க்காது. துக்கத்திலும் காலையில் பால்கனிக்கு ஓடுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த ஓட்டம்தான்.

ஜூனில் என் கணவரின் வேலை ஒப்பந்தம் முடிகிறது. "சென்னை வெயில்ல அது பிழைக்காது, யாருக்காவது குடுத்துடு" என்கிறார். செடியை எடுத்துச்செல்லத் தேவையான சான்றிதழைப் பற்றி விசாரித்துவிட்டேன். மலைக்குளிருள்ள கோத்தகிரியின் பள்ளி ஒன்றிலிருந்து வந்த வேலைக்கு, நாளை சம்மதம் எழுதப்போகிறேன். கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.