மேசை மேல் நின்று எடுத்த தாலிப் படம்

என் மனைவி கலாராணிக்குப் பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் ஊர் மஹய்யாவப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிற ஒரே பெண் அவள்தான். கமராவை அவள் பிடிப்பாள், வெளிச்சத்தை நான் பிடிப்பேன். அவளுடைய மிரர்லெஸ் கமராவுக்குப் புது சூம் லென்ஸ் வந்த நாளிலிருந்து வீட்டில் எனக்கு மரியாதையே இல்லை. எதிர்மலை வீட்டுக் கொடியில் காயும் சட்டையின் பொத்தானை இங்கிருந்தே படமெடுத்து, "இங்க பாருங்களேன், என்னமா இழுக்குது" என்று சிரிப்பாள். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும்.

அந்த லென்ஸோடு போன முதல் கல்யாணம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மண்டபத்தில். மணப்பெண் தனுஜா முந்தின நாளே கலாவின் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள்.

"அக்கா, தாலி ஏறுறப்ப அம்மாவும் நானும் ஒரே படத்துல இருக்கணும். எனக்கு அது ஒன்னு போதும்."

அம்மா ஞானேஸ்வரி கணவனை இழந்தவர். முகூர்த்த நேரத்தில் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்று, மேடைக்குப் பின்பக்கமிருந்த சமையலறைக் கதவோரம் தானாகவே போய் நின்றுகொண்டார். பெற்று வளர்த்து ஆளாக்கியவளுக்கு அந்த இடம்தானாம். மகள் கெஞ்சியும் அவர் அசையவில்லை.

கலா மண்டபம் முழுக்க நடந்து பார்த்தாள். வாசல் மூலையிலிருந்து லென்ஸை நீட்டினால், மணப்பெண்ணுக்கு நேர் பின்னால் அந்தக் கதவு வந்தது. தூரத்தில் நின்று இழுத்தால் முன்னே இருப்பவரும் பின்னே இருப்பவரும் ஒட்டி நிற்பதுபோல் தெரியுமாம்.

"சனம் எழும்பினா ஒன்னும் தெரியாதே" என்றேன். அவள் அந்த மூலையிலிருந்த சாப்பாட்டு மேசை மேல் ஏறிவிட்டாள்.

மணப்பெண்ணின் தாய்மாமன் செல்லச்சாமி விறுவிறுவென்று என்னிடம் வந்தார். "என்ன தம்பி, மேடையில நிக்க வேண்டியவங்க மேசையில நிக்கிறாங்க? தாலிப் படம் தவறிச்சுன்னா மறுபடி கட்டச் சொல்றதா?"

நியாயமான கேள்விதான். மேலே பார்த்தேன். "கலா, எறங்கு."

"பேசாம மேசையைப் புடிங்க. ஆடுது."

கெட்டிமேளம் முழங்கியது. சனம் மொத்தமும் எழுந்து மேடையை நெருங்கியது. அந்த நேரம் பார்த்து ஞானேஸ்வரி கதவுக்குள் ஒதுங்கிவிட்டார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தாயிற்று. கதவில் ஆளில்லை.

"போச்சு" என்றாள் கலா. ஆனால் கமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதல் முடிச்சு விழுந்தது. நான் வேண்டாத தெய்வமில்லை. இரண்டாவது முடிச்சின்போது கதவோரம் ஒரு முகம் மெல்ல எட்டிப் பார்த்தது. சத்தமே இல்லாத கமரா அது. எடுக்கிறாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சனம் கலைந்ததும் தனுஜா மாலையோடு வந்து கமராத் திரையைப் பார்த்தாள். செல்லச்சாமியும் கடுகடுத்த முகத்தோடு எட்டிப் பார்த்தார். படத்தில் தாலி இருந்தது, குனிந்த கழுத்து இருந்தது, அதற்குச் சற்று மேலே அம்மாவின் முகம் இருந்தது. கதவோரம் நின்றபடியே ஞானேஸ்வரி ஒரு கை அட்சதையை வீசியிருக்கிறார். நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. அது அங்கேயே தரையில்தான் விழுந்திருக்கும். படத்தில் அது மகளின் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது.

"மாமா, அம்மா எனக்கு அட்சதை போட்டிருக்காங்க" என்றாள் தனுஜா.

செல்லச்சாமி திரும்பி நடந்தார். சமையலறைக்குப் போய் அக்காவின் கையைப் பிடித்தார்.

"வாக்கா. கிட்ட வந்து போடு."