ஓரம் தேய்ந்த டயர்

என் மருமகளைக் கடைத்தெருவில் தராசுக்காரி என்றுதான் சொல்வார்கள். அவள் தராசு விற்கிறவள் இல்லை. கடைகளில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுகள் ஒழுங்காக நிறுக்கின்றனவா என்று சோதித்து, தப்பாகக் காட்டினால் திறந்து சரிசெய்து விட்டு வருகிறவள். அதற்காக அவள் வண்டியின் இரண்டு பக்கப் பெட்டிகளிலும் எடைக்கற்கள் இருக்கும். பளபளவென்று, துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி வைத்திருப்பாள். நம்மை வெறும் கையால் தொட விடமாட்டாள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்குகூட எடையாம்.

வண்டி என்றால் ஸ்கூட்டர் இல்லை, நெடுந்தூரம் போகிற பெரிய மோட்டார் சைக்கிள். அவளோ என் தோள் உயரம். அதை அவள் ஸ்டாண்டிலிருந்து இறக்குவதைப் பார்த்தால் எறும்பு சர்க்கரைக் கட்டியை இழுக்கிற மாதிரி இருக்கும். ஆனால் இழுத்துவிடுவாள். பேச்சு மட்டும் அளந்துதான் வரும். நான் பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில், அதுவும் "ம்".

அதிகம் பேசாதவர்களைக் கண்டால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தும். வாயை மூடியிருக்கிறவர்கள் எதையோ உள்ளே வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? என் மகன் அப்படி நினைக்க மாட்டான். யார் எதைச் சொன்னாலும் நம்புவான். அச்சகத்தில் வேலை, அதனால் அச்சில் ஏறியது எல்லாமே உண்மை என்று நினைத்துவிட்டானோ என்னவோ. அவள் பிறந்தநாளுக்கு மற்றப் புருஷன்மார் மாதிரி துணி வாங்காமல், பின்சக்கரத்துக்கு ஒரு டயர் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். டயர் கம்பெனி அச்சடித்த தாளை அவனே படித்துக் காட்டினான். மற்ற டயரைவிட இரண்டு பங்கு ஓடுமாம், தேயவே தேயாதாம். டயர் கடையில் மாற்றி வைத்துவிடக் கூடாது என்று பக்கவாட்டில் நீல மையால் ஒரு பொட்டும் வைத்தான். அந்தப் புத்தி மட்டும் என்னிடமிருந்து வந்தது.

தெருமுனையில் இருக்கிற டயர் கடைக்காரர்தான் மாட்டிக் கொடுத்தார். கழற்றிய பழைய டயரை என் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். நடுவில் மட்டும் மொட்டையாகி, பலகை மாதிரி சப்பையாக இருந்தது. இரண்டு ஓரத்திலும் புது டயரில் நிற்குமே, பூனை மீசை மாதிரி ரப்பர் முடி, அதுகூட உதிரவில்லை. அவள் போவது முழுக்க நேர் ரோடு, அதனால்தான் நடு தேய்கிறது என்றார். மலைப் பக்கம் ஓடுகிற வண்டி வளைவில் சாயும், அதற்கு ஓரம் தேயும் என்றார். நான் அதைக் காதில் போட்டு வைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் மருமகள் இடது கையில் கட்டோடு வந்தாள். ஒரு கடைப் படியில் வழுக்கிவிட்டது என்றாள். மகன் பதறினான், களிம்பு வாங்க ஓடினான். நான் அவள் கழற்றிப் போட்ட உடுப்பைப் பார்த்தேன். முழங்காலில் கிழிசல், சரி. தோள்பட்டையிலும் துணி நார்நாராக உரசிப் போயிருந்தது. படியில் வழுக்கி விழுந்தவள் தோளில் எப்படி உரசிக்கொள்வாள்? கேட்டேன். "ம்" என்றாள்.

எங்கள் வீடு மாடியில். கீழே நடையில் வண்டி நிற்கும். இருட்டியதும் வெளிக்கதவைப் பூட்டப் போகிறவள் நான்தான். அந்த வாரம் பூட்டப் போனபோது கை சும்மா டயர் மேல் போயிற்று. நடுவில்கூடப் பூனை மீசை குத்தியது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நீலப் பொட்டைக் காணோம். இரண்டு பங்கு ஓடும் என்று என் மகன் வாங்கிக் கொடுத்த டயர், பாதி ஆயுள்கூட முடியாமல் எங்கே போயிற்று?

அன்றிலிருந்து தினமும் தடவிப் பார்த்தேன். டயர் மேல் போட்டிருக்கும் பெயரெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாது. விரல் இருக்கிறது. கொஞ்ச நாளில் இடது ஓரத்து மீசை முழுக்க உதிர்ந்துவிட்டது. ரப்பர் துருவின மாதிரிச் சுருண்டிருந்தது. வலது ஓரத்து மீசை அப்படியே நின்றது. வளைவுக்குப் போகாமல் ஓரம் தேயாது. சரி, மலைக்குப் போகிறாள். போய்த் திரும்பினால் இரண்டு ஓரமும் அல்லவா தேய வேண்டும்? ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது என்றால் இது என்ன கணக்கு?

பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டே கேட்டாள்.

"மலையைத் தாண்டினா அவ அம்மா வீடுதானே, அக்கா?"

அவ்வளவுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. இவள் என் மகனை விட்டுப் போகப் போகிறாள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், இவள் மட்டும் "சர்வீஸ்" என்று கிளம்புகிறாள். பக்கப்பெட்டி இரண்டும் கனமாக இருக்கிறது, பூட்டியும் இருக்கிறது. சாமானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்துகிறாளோ? வீட்டுப் பாத்திரங்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு கரண்டி குறைந்தது. அது அப்புறம் அடுப்புக்குப் பின்னால் கிடந்தது, அது வேறு விஷயம். என் மகன் சாப்பிடும்போது தினமும் ஒரே கேள்வி கேட்பான், டயர் எப்படி இருக்கிறது, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று. அவள் "தாங்கும்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்துவிடுவாள். அவன் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். புருஷன் முகத்தைப் பார்க்காதவள் எங்கே பார்க்கிறாள்?

டயர் கடைக்குப் போனேன். வாசலில் பெயர்ப்பலகை சாயாமல் இருக்க ஒரு டயரை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். நீலப் பொட்டு எனக்குத் தெரியாதா?

"தம்பி, இது எங்க வீட்டு டயர்."

"ஆமா பாட்டிம்மா. உங்க மருமகதான் கழட்டச் சொன்னாங்க."

"பள்ளமெல்லாம் இவ்வளவு ஆழமா இருக்கே. இதைப் போய் யாராவது கழட்டுவாங்களா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். தேஞ்சாப் பரவாயில்லை, நல்லாப் பிடிக்கிறதாக் குடுங்கன்னாங்க. வீட்டுல சொல்ல வேண்டாம்னும்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் விடவில்லை. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்தால் எளிதில் எழுந்திருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நீலப் பொட்டு டயரில் நகத்தை அழுத்தச் சொன்னார், இறங்கவில்லை. வேறொன்றில் அழுத்தச் சொன்னார், தடம் விழுந்தது. கெட்டி ரப்பர் ரொம்ப நாள் உழைக்கும், ஆனால் குளிரிலும் ஈரத்திலும் விறைத்துக்கொள்ளும். இளக்கமான ரப்பர் ரோட்டுப் பொடிக்கல்லோடு ஒட்டிப் பிடிக்கும், பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் தன்னைக் கொஞ்சம் ரோட்டிலேயே விட்டுவிட்டு வரும். இரண்டும் ஒரே டயரில் வேண்டுமென்றால் அது கம்பெனிக்காரன் வாயில்தான் இருக்கிறது என்றார். உன் வண்டிக்கு எதைப் போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். நடந்துதான் வருகிறாராம்.

நேர் ரோட்டில் போகிறவளுக்கு எதற்கு அவ்வளவு பிடிப்பு? நான் நினைத்ததுதான் சரி என்று வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பும்போது நான் கீழே வண்டிக்குப் பக்கத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"நானும் வரேன்."

"சர்வீஸுக்குப் போறேன், அத்தை."

"எனக்கும் கொஞ்சம் சர்வீஸ் வேணும். நாலு சுவத்துக்குள்ள துருப்பிடிச்சுக் கிடக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், மேலே போய் மகனுடைய ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டினாள். அண்டாவைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பாள் என்று நினைத்தேன், கழிக்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஊர் தாண்டி, நேர் ரோடு தாண்டி, வண்டி மலை ஏறியது. ஒவ்வொரு வளைவும் அவள் அம்மா வீட்டுக்குப் பக்கம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி மலையில், ஒரு பெரிய வளைவைக் கடந்ததும் நிறுத்தினாள். என்னை இறக்கி ஓரத்துக் கட்டைச் சுவரில் உட்கார வைத்தாள். "இங்கேயே இருங்க" என்று வண்டியைத் திருப்பி அதே வளைவில் இறங்கினாள். கண்ணிலிருந்து மறைந்தாள். என்னை இங்கே விட்டுவிட்டு ஓடிவிட்டாளோ என்று எழுந்தேன். வண்டிச் சத்தம் திரும்ப வந்தது. மெதுவாக, நிமிர்ந்து ஏறி வந்தாள். மறுபடி திருப்பினாள். இடது பக்கம் நன்றாகச் சாய்ந்து இறங்கினாள், மறுபடி நிமிர்ந்து ஏறினாள். இப்படியே செக்கு மாடு மாதிரி. எனக்குத் தலை சுற்றியது. அவள் ஏறி வரும்போது ரோட்டில் இறங்கிக் குறுக்கே நின்றேன்.

"என்னடி பண்றே?"

இன்ஜினை அணைத்தாள். "இங்கதான் விழுந்தேன், அத்தை."

"கடைப் படியிலன்னே?"

"படி இல்ல. இந்த வளைவு. தூறல் விழுந்துட்டிருந்துச்சு. பின்சக்கரம் அப்படியே நழுவிடுச்சு. எடைக்கல்லெல்லாம் ரோட்டுல உருண்டுச்சு."

அவள் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். மலை லைன், அதாவது மலை ஊர்க் கடைகளைப் பார்க்கிறவருக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் இவளை அனுப்பியிருக்கிறார்கள், அன்றைக்குத்தான் விழுந்தது. அவர் வேலையிலிருந்து நிற்கப் போகிறார். நேர் ரோட்டுக் கடைகளுக்கெல்லாம் அவள் வேலை பார்க்கிற கம்பெனி வேன் விட்டுவிட்டது. இனி வண்டி வேலை என்றால் மலை லைன் ஒன்றுதான். அதை எடுக்காவிட்டால் உள்ளே மேஜையில் உட்கார்ந்து ஸ்குரூ கழற்ற வேண்டும். மற்ற வளைவெல்லாம் போய்விடுகிறாளாம், இந்த ஒன்றில் மட்டும் கை தானாக பிரேக்கைப் பிடித்துவிடுகிறதாம். பிடித்தால் மறுபடி விழுவாள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஒரே வளைவு.

"இதை வீட்டுல சொன்னா என்ன?"

"அந்த டயர் அவர் வாங்கிக் குடுத்தது. தினமும் ஆசையா எவ்வளவு தாங்கும்னு கேக்கிறார். அதுதான் என்னைத் தள்ளிவிட்டுச்சுன்னு எப்படிச் சொல்ல?"

அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பெட்டியைத் திற என்றேன். திறந்தாள். எடைக்கற்கள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு மூலை நசுங்கியோ செதுக்குப்பட்டோ இருந்தது. அன்று உருண்டவை. இனி நிறுக்க உதவாது, வேலையன்று இருக்கிற அதே பாரம் இருக்கட்டும் என்று ஏற்றி வருகிறாளாம். அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன். என் கையை அவள் தட்டிவிடவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தூறல் பிடித்துக்கொண்டது. ரோடு கறுத்துப் பளபளத்தது. அவள் முகம் மாறியது.

"பஸ் வரும், அத்தை. உங்களை ஏத்திவிடுறேன்."

"நீ?"

"மழை விட்டதும் வரேன்."

"ஈரத்துல இந்த டயரை ஓட்டியிருக்கியா?"

"இல்ல."

"பிடிக்குமா?"

"பிடிக்கும்னுதானே வாங்கினேன்."

"அப்புறம் காஞ்ச ரோட்டுலேயே தேச்சுத் தீர்க்கவா போறே? உன் லைனுக்கு மழை வராதா? வண்டியை எடு."

நீங்கள் இல்லாமல் போகிறேன் என்றாள். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கெஞ்சிப் பார்த்தாள். நான் ஹெல்மெட்டுக்குள் காது கேட்காதவள் மாதிரி இருந்தேன். கடைசியில் சொன்னாள்.

"நான் சாஞ்சா நீங்களும் சாயணும். பயந்து நிமிர்ந்துடாதீங்க."

"என் முதுகு நிமிர்ந்து பல வருஷமாச்சு. ஓட்டு."

நான் கண்ணை மூடவில்லை. மூடினால் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? அவள் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு விரல் பிரேக்குக்கு நீண்டது. அப்புறம் மடங்கியது. வண்டி சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். ஈர ரோடு என் முழங்காலுக்குக் கிட்டே வந்தது. பின்சக்கரம் லேசாகக் கூட நெளியவில்லை. வளைவு முடிந்து வண்டி நிமிர்ந்தது. அடுத்த வளைவில் விரல் நீளவே இல்லை.

கீழே இறங்கியதும் அவளிடம் ஒன்றுதான் சொன்னேன். இன்று சாப்பிட உட்காரும்போது நீ சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வேன், நான் சொன்னால் இரண்டு மடங்காகச் சொல்வேன் என்று.

சாப்பிடும்போது மகன் வழக்கம் போல ஆரம்பித்தான், டயர் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மென்றுகொண்டிருந்த சோற்றை விழுங்கினான். பிறகு எழுந்து கீழே போனான். கதவு வரை போய் எட்டிப் பார்த்தேன். விளக்கைப் போட்டுக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தப் புது டயரை நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தான். மேலே வந்து அவள் தோளைக் காட்டச் சொல்லிப் பார்த்தான்.

"ஈரத்துல பிடிக்குதா?" என்றான்.

"பிடிக்குது," என்றாள் அவள். "அத்தையைக் கேளுங்க."

அந்த மாதக் கடைசியில் சூப்பர்வைசர் அவள் பின்னால் உட்கார்ந்து மலை லைன் முழுக்கப் போய்வந்தார். லைன் அவளுக்கே கிடைத்தது. டயர் இப்போது சீக்கிரம் சீக்கிரமாகத் தேய்கிறது, மகனே போய் மாற்றிக்கொண்டு வருகிறான். எவ்வளவு தாங்கும் என்று அவன் இப்போது கேட்பதில்லை.

நான் மட்டும் கதவைப் பூட்டப் போகும்போது தடவிப் பார்ப்பதை விடவில்லை. இரண்டு ஓரமும் சமமாகத் தேய்கின்றன, அது சரி. ஆனால் மலை லைனுக்கு நடு இவ்வளவு தேயக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகனும் மருமகளும் சேர்ந்து எங்கோ நேர் ரோட்டில் நெடுந்தூரம் போய்வருகிறார்கள். எங்கே என்றால் சும்மாதான் என்கிறார்கள். சும்மா போகிற வண்டிக்கு டயர் இப்படித் தேயுமா?