குடை போட்ட டம்ளர்

எங்கள் வீட்டில் குடத்தின் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளர்களில் ஒன்றில் மட்டும் சிவப்பு நகப் பாலீஷால் வரைந்த சின்னக் குடை இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போது அந்த இடத்தில் நார் படாமல் பார்த்துக்கொள்வேன். அப்படியும் குடையின் பிடி எப்போதோ போய்விட்டிருந்தது. மேல் வளைவும் மூன்று கம்பிகளும்தான் மிச்சமாக இருந்தன. அது நான் வேலை செய்த பள்ளிக்கூடத்து டம்ளர். கேட்காமல் எடுத்துவந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து நான் திருடிய பொருள் அது ஒன்றுதான்.

தொண்ணூற்றெட்டில் எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில், வேர்க்கடலை விளைந்த மேட்டில், ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல் வந்திருந்தது. புதுத் தொழிற்சாலைகளில் மெஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர்களின் பிள்ளைகள், கொரியாப் பிள்ளைகள், வளைகுடாவில் பிறந்து தமிழே வாயில் நுழையாத நம் பிள்ளைகள் என்று மொத்தம் நாற்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். பத்தாவது பாஸ் என்று சொன்னதும் சின்னப் பிள்ளைகள் வகுப்பில் என்னை ஆயாவாகச் சேர்த்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லாரும் என்னை ஆயா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வயசுப் பெண்ணை அப்படிக் கூப்பிடுவதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை, வேலைக்குப் பேர் அது என்று இருந்துவிட்டேன்.

வகுப்பு மிஸ்தான் அதை மாற்றினார். அவர் பாளையங்கோட்டைப் பக்கம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். முதல் வாரமே மேனேஜரை என் எதிரில் நிறுத்தி, "சார், இவ எனக்குத் தங்கச்சி. ஆயா கீயான்னு இவளக் கூப்பிடக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். டீச்சர்கள் சாப்பிடும் மேஜையில் நாற்காலி இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். என் டிபன் பாக்ஸைத் திறந்து, "ஏட்டி தங்கச்சி, தினமும் இந்தக் கத்திரிக்காயத்தான் திங்கியா?" என்று தன் மீனைப் பாதி பிய்த்து வைத்தார். இதையெல்லாம் மறைத்து எழுதினால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். நல்லவராகத்தான் இருந்தார். அதனால்தான் இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

அந்த வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அழுவார்கள். சமாதானம் சொல்ல எனக்கு இங்கிலீஷ் வராது. தப்பாகப் பேசினால் மற்ற டீச்சர்கள் சிரிப்பார்களே என்ற பயத்தில் வாயையே திறக்க மாட்டேன். அதனால் கைக்கு வந்ததைச் செய்தேன். பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் ஸ்டீல் டம்ளர் ஒவ்வொன்றிலும் நகப் பாலீஷால் ஓர் அடையாளம் போட்டேன். ஒன்றில் மீன், ஒன்றில் ஏணி, ஒன்றில் வாத்து. அதே அடையாளத்தை அந்தந்தப் பிள்ளையின் சட்டைப் பையில் நூலால் தைத்தேன். புதுப் பிள்ளை வந்தால் கேள்வி எதுவும் கிடையாது. டம்ளர் தட்டின் ஒரு பக்கத்தை அது பிடிக்கும், மறுபக்கத்தை நான் பிடிப்பேன். மீன் டம்ளரை எடுத்து, மீன் சட்டையைத் தேடிப்போய்க் கொடுக்க வேண்டும். கடைசியில் தட்டில் அடையாளமே இல்லாத டம்ளர் ஒன்று நிற்கும். அது புதுப் பிள்ளைக்கு. மூன்று நான்கு நாளில் அழுகை நின்று, பாலீஷ் பாட்டிலைக் காட்டித் தனக்கு என்ன வேண்டும் என்று பிள்ளையே தாளில் வரைந்து கொண்டுவரும். கொரியாவிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தை பதினோரு நாள் யாரிடமும் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு குடையை வரைந்து கொண்டுவந்தது. அது தனக்கு இல்லை, மிஸ்ஸுக்கு என்று விரலால் காட்டியது. அப்படி வந்ததுதான் இந்தக் குடை. "உனக்கும் ஒண்ணு போட்டுக்கயேன்ட்டி" என்றார் மிஸ். எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இந்த மாதிரிப் பள்ளிகளில் வேலை செய்கிற ஆசிரியர்களுக்கு என்று ஒரு சங்கம் இருந்தது. பல நாடுகளிலும் அதற்குக் கிளை உண்டு. டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கும், புத்தகம் போடும், வருஷம் ஒரு முறை கூட்டம் நடத்தும். அந்த வருஷம் புது அறிவிப்பு ஒன்று வந்தது. வகுப்பில் உதவிக்கு இருப்பவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்த ஒரு வழியை எழுதி அனுப்பினால், தேர்ந்தெடுத்து ஒரு வருஷப் பயிற்சி தருவார்கள். முடித்தால் உதவி ஆசிரியை. ஒரு பள்ளிக்கு ஒரு கட்டுரைதான். மிஸ் அந்தத் தாளை என் கையில் கொடுத்து, "நீ வாயால சொல்லு, நான் இங்கிலீஷ்ல எழுதுதேன். ரெண்டு பேர் பேரையும் போடுவோம். உன் பேருதான் மொதல்ல" என்றார். இரண்டு வாரம், பிள்ளைகள் தூங்கும் மதிய நேரங்களில், நான் சொல்லச் சொல்ல எழுதினார். ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் நான் பேசாமல் இருந்தது பயத்தினால் என்பதை. அதை எப்படிச் சொல்வது?

சங்கத்தின் கூட்டம் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. எங்கள் கட்டுரையை அங்கே படிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணியின் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு பள்ளி வேனில் போனேன். மிஸ் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டு மேடைக்குப் போனார். விளக்கை அணைத்துத் திரையில் படம் காட்டினார்கள். டம்ளர் தட்டு தெரிந்தது. அதைப் பிடித்திருந்த என் இரண்டு கைகள் தெரிந்தன. மிஸ் வேகமாக இங்கிலீஷில் பேசினார். எனக்கு டம்ளர், சில்ட்ரன் தவிர எதுவும் பிடிபடவில்லை. எல்லாரும் சிரித்தபோது சிரித்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்கும்போது கால் தடுக்கக் கூடாது என்று புடவை மடிப்பைக் கையில் பிடித்தபடியே இருந்தேன். பேர் வரவில்லை. பேரெல்லாம் பிறகு சொல்வார்கள் போல என்று நினைத்தேன். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். நானும் எழுந்து, கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன். திரும்பும் வழியில், தாம்பரம் தாண்டியதும் மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கை தட்டினத மேடைல இருந்து பாத்தேன்ட்டி" என்றார். பிறகு மணிமங்கலம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்துச் சங்கத்தின் புத்தகம் வந்தது. ஆபீசில் டைப் அடிக்கும் அண்ணன் சுங்குவார்சத்திரத்துக்காரர். அவர்தான் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்தாம்மா, உன் கைய போட்டுக்கீறாங்க புக்குல. வளையல வெச்சிக் கண்டுபுடிச்சேன். சினிமால சேந்துட்ட போ!"

"என் பேரு எங்கண்ணா கீது?"

அவர் விரலை வைத்து வரிவரியாகத் தேடினார். அவருடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "மேல மிஸ் பேரு கீது. அப்பால நடுவுல ஒரு எடத்துல... 'இங்கிலீஷ் தெரியாத என் வகுப்பு ஆயா டம்ளர்களைக் கழுவி அடுக்கி வைப்பார்'னு கீது. அவ்ளோதாம்மா."

"ஆயான்னுதான் போட்டுக்கீதா?"

"ஆமாம்மா."

அன்று மதியம் மிஸ்ஸிடம் போய் நின்றேன். சண்டை போட எனக்கு வராது. "மிஸ், அந்தப் பயிற்சிக்கு என் பேரு?" என்று மட்டும் கேட்டேன். அவர் சுவரில் படம் ஒட்டுவதை நிறுத்தாமலே, "ஒரு ஸ்கூலுக்கு ஒண்ணுதான்ட்டி. டிகிரி இல்லாத பேரு இருந்தா தள்ளிருவாங்க. உன் நல்லதுக்குத்தான் எடுத்தேன். அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். டிகிரி இல்லாதவர்களுக்காகத்தான் அந்தப் பயிற்சியே. அறிவிப்பை எல்லாருக்கும் தமிழில் டைப் அடித்து ஒட்டியது அந்த அண்ணன்தான். நான் நாலு முறை படித்திருக்கிறேன். அது மிஸ்ஸுக்கும் தெரியும். சரிங்க மிஸ் என்று வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு புதுப் பையன் வந்தான். அப்பா, அம்மா, மேனேஜர், சங்கத்திலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரம்மா எல்லாரும் வாசலில் நின்றார்கள். மிஸ் என் பக்கம் திரும்பி, மரியாதையாக, "ஆயா, அந்தத் தட்டைக் கொண்டு வாங்க" என்றார். தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அன்றுதான் முதல் முறையாக மறுபக்கத்தை மிஸ் பிடித்தார். அடுத்த ஜூனில் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அவர் கிளம்பிய வாரமே நானும் நின்றுவிட்டேன். போகும்போது இந்த டம்ளரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் என் கூடப் பிறந்த அண்ணன் மகள் வந்திருந்தாள். ஒரகடம் பக்கம் ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூலில் டீச்சராக இருக்கிறாள். அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். கைக்கு வந்தது அந்த டம்ளர்.

"அத்தே, இன்னிக்கு எங்க சங்கத்துல டிரெய்னிங். புதுசா ஒரு புள்ள வந்தா நாம பேசவே கூடாதாம். கப்பு குடுக்கற வேலய அதுங்கிட்ட வுட்டுரணுமாம். பேசாம இருக்கறதுதான் அதுல பெரிய விஷயமாம். அதக் கண்டுபுடிச்ச அம்மா பேரையே அதுக்கு வெச்சிக்கீறாங்க" என்று போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மிஸ்ஸுக்குத் தலை முழுக்க வெள்ளையாகிவிட்டது. சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

"இவங்கள எனக்குத் தெரியும். கூட வேலை செஞ்சிருக்கேன்" என்றேன்.

"அய்யோ அத்தே! இவ்ளோ பெரிய ஆளு கூடவா? சொல்லவே இல்லியே! எங்க ஸ்கூல்ல சொன்னா நம்பவே மாட்டாங்க. அங்க இன்னாவா இருந்தீங்க?"

அந்த ஓட்டலில் புடவை மடிப்பைப் பிடித்திருந்த மாதிரி முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். சொல்ல வேண்டியது எல்லாம் வாய் வரை வந்தது.

"ஆயாவா இருந்தேன்" என்றேன்.

 அவள் பெருமையோடு கிளம்பிப் போனாள். இதை அவள் படிப்பாள் என்றுதான் எழுதுகிறேன். அவள் போன பிறகு அந்த டம்ளரைத் தேய்த்தேன். இத்தனை வருஷம் ஒதுக்கிவந்த இடத்திலும் நாரை வைத்து அழுத்தித் தேய்த்தேன். வளைவு போய்விட்டது. இரண்டு கம்பிகளும் போய்விட்டன. ஒரு கம்பி மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.