பட்டுக் கடை வாசலில் ஆமை முட்டை

காலையில் பட்டுக் கடையைத் திறந்து விளக்கேற்றி நிமிர்ந்தால், வாசலிலேயே ஒரு கூடை. ஈர மணலுக்குள் ஆமை முட்டை.

மாமல்லபுரம் பஸ்ஸில் வந்திறங்கிய பெண், "மூலத்துக்கு மருந்துபா!" என்று கூவிக்கொண்டிருந்தாள். அதற்குள் நாலு பேர் சூழ்ந்துவிட்டார்கள்.

போன மாதம் மெட்ராஸ் கடற்கரையில் கல்லூரிப் பிள்ளைகள் இந்த முட்டைகளுக்குக் காவல் நிற்பதைப் பார்த்தவன் நான். பஸ்ஸில் குலுங்கி வந்தவை இனிக் குஞ்சு பொரிக்காது. ஆனால் இவை விற்றுப்போனால் நாளைக்கு இன்னொரு குழியைத் தோண்டுவார்கள். வாங்க ஆளில்லாத சரக்கை எவனும் கொண்டுவர மாட்டான். எனக்குத் தெரிந்த தொழில் பாடம் அது ஒன்றுதான்.

சத்தமாகச் சொன்னேன்: "ஆமை புகுந்த வீடே உருப்படாதும்பாங்க. வயித்துல புகுந்தா இன்னா ஆவும்?"

கூட்டம் கலைந்தது.

முகூர்த்தப் புடவை எடுக்கப் படியேறிய கல்யாண வீட்டு அம்மாளும் நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கம்மா."

"உருப்படாதுன்னு நீதானப்பா சொன்னே? ஆமை முட்டை உன் வாசல்லதான இருக்குது!"

எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

கூடைக்காரி சிரித்தாள். "என் பொழப்புல மண்ணப் போட்டே. உன்னுதுலயும் வுழுந்துச்சா மொதலாளி? நாளைக்கு வேலூருக்குப் போறேன். அங்க இந்த மாதிரி வாய் இருக்காது."

அப்போதிலிருந்து கல்லாவில் உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து பஸ் நிலையத்தையே பார்க்கிறேன்.

வேலூர் கடைத்தெருவில் என்னைப்போல வாயுள்ள வியாபாரி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அவள் பஸ் ஏறுவதற்குள் சொல்லுங்கள்.